கத்தரிக்கோலை அப்புறம் எடுக்கலாம்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் புதுத் துணி தைப்பதைப் பற்றியவை அல்ல. வாங்கின துணி உடம்பில் சரியாக உட்காரவில்லை என்பதுதான் எல்லோருக்கும் குறை. நான் மெஷின் முன்னால் உட்கார்ந்து 27 வருடங்கள் ஆகின்றன. அதில் புதிதாகத் தைத்ததைவிடப் பிரித்துத் தைத்ததுதான் அதிகம். அதனால் இந்தப் பக்கம் முழுக்க ஆல்டரேஷன் கேள்விகளுக்கே.

கேள்வி: அக்கா, முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை எது போட்டாலும் மார்புக்கு நேரே, இரண்டு பட்டன்களுக்கு நடுவில் பிளந்துகொண்டு நிற்கிறது. ஒரு சைஸ் பெரிதாக எடுத்தால் இடுப்பில் மூட்டை மாதிரித் தொங்குகிறது. என் உடம்பு வாகுக்குச் சட்டையே பொருந்தாது என்று விட்டுவிட்டேன். ஆனாலும் ஆபீசுக்குச் சட்டை போட ஆசையாக இருக்கிறது.

பதில்: தையலுக்கு வரும் முன், உங்கள் உடம்பு வாகைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். மாதத்துக்குப் பத்துக் கடிதமாவது இதே வார்த்தைகளோடு வருகிறது, படிக்கும்போதெல்லாம் மனது சங்கடப்படுகிறது.

ரெடிமேட் சைஸ் என்பது யார் யாருடைய அளவுகளையோ கூட்டிப் போட்ட கணக்கு. 1939, 1940 ஆம் ஆண்டுகளில் அமெரிக்க வேளாண் துறை ஏறத்தாழ 15,000 பெண்களை, ஆளுக்கு 59 அளவுகள் வீதம் அளந்து, 1941-இல் வெளியிட்டது. வெள்ளை இனப் பெண்களின் அளவுகளை மட்டுமே அதில் கணக்கில் சேர்த்தார்கள். அதை வைத்து 1958-இல் அங்கே ஒரு சைஸ் தரம் வந்தது. 1983-இல் அதையும் விலக்கிக்கொண்டார்கள். இன்றைக்கு ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு அட்டவணை வைத்து வெட்டுகிறது. அந்த அட்டவணையில் உங்கள் மார்பும் இடுப்பும் ஒரே வரியில் வரவில்லை, அவ்வளவுதான் நடந்தது. உடம்பில் ஒரு குறையும் இல்லை.

சரி, சட்டைக்கு வருவோம். கண்ணாடி முன் நின்று சுருக்கங்களைப் பாருங்கள். குறுக்கே கோடு கோடாக இழுத்தால் அந்த இடத்தில் துணி போதவில்லை. மேலிருந்து கீழாக மடிப்பு விழுந்தால் துணி கூடுதல். சாய்வாக ஓடினால், அந்தக் கோட்டின் ஏதோ ஒரு முனையில்தான் கோளாறு இருக்கும். உங்கள் சட்டையில் பட்டனிலிருந்து இரண்டு அக்குளையும் பார்த்துக் கோடு ஓடும் என்று நினைக்கிறேன்.

ஏற்கெனவே வீட்டில் இருக்கும் சின்னச் சட்டையை உள்பக்கம் திருப்பி, சைடு தையலுக்கு வெளியே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒவ்வொரு பக்கமும் கால் இஞ்ச் தள்ளித் தைக்க முடிந்தால் சுற்றளவில் மொத்தம் ஒரு இஞ்ச் கிடைக்கும். முன்துண்டு, பின்துண்டு என்று பக்கத்துக்கு இரண்டு கால், இரண்டு பக்கமும் சேர்த்து நாலு கால். பலருக்கு அந்த ஒரு இஞ்சே போதும். தள்ளித் தைக்க இடமில்லாமல், நூல் பிரியாமல் இருக்க ஓரத்தைச் சுற்றிப் போடும் ஓவர்லாக் தையலோடு முடிந்துவிட்டால், பிளக்கிற இடத்தில் உள்ளே ஒரு பிரஸ் பட்டன் வைத்துவிடுங்கள். வெளியே தெரியாது. ஆனால் அது இழுவையை மறைக்குமே தவிரக் குறைக்காது.

நான் சொல்வேன், பெரிய சைஸ் சட்டையையே வாங்குங்கள். மார்புக்குச் சரியாக இருக்க வேண்டும். தோள் அரை இஞ்ச் இறங்கினாலும் பரவாயில்லை. இடுப்பில் தொங்குவதைப் பின்பக்கம் இரண்டு டாட் பிடித்து, அதாவது துணியைக் கிள்ளி உள்பக்கம் மடித்துத் தைத்து, எடுத்துவிடலாம். சட்டையைப் போட்டுக்கொண்டு, உங்கள் இடுப்பு ஒடுங்கும் இடத்தில் முதுகில் இரண்டு பக்கமும் துணியைக் கிள்ளி ஊக்கு குத்தச் சொல்லுங்கள். நடு முதுகுக்கும் சைடு தையலுக்கும் பாதித் தூரத்தில் இருக்கட்டும். கழற்றி உள்பக்கம் திருப்பி, ஒவ்வொரு டாட்டையும் அந்த நடு இடத்தில் மடிப்பிலிருந்து அரை இஞ்ச் உள்ளே தள்ளிக் குறியுங்கள். மேலே தோள்பட்டை எலும்புக்கு ஒரு இஞ்ச் கீழேயும், கீழே இடுப்பு அகலத் தொடங்கும் இடத்திலும் ஒன்றுமில்லாமல் முடிய வேண்டும். இரண்டு முனையும் கூர்ந்து, நடுவில் அகன்று, மீன் மாதிரி இருக்கும். இரண்டு டாட்டும் சேர்ந்து 2 இஞ்ச் எடுத்துவிடும்.

தைக்கும்போது நடுவிலிருந்து ஒரு முனைக்குத் தைத்து, மறுபடி நடுவிலிருந்து இன்னொரு முனைக்குப் போங்கள். முனை நெருங்கும்போது தையலைச் சின்னதாக்கி, மடிப்பின் ஓரத்திலேயே ஓட்டித் துணிக்கு வெளியே போய்விட வேண்டும். அங்கே ரிவர்ஸ் தையல் போட்டால் முனையில் ஒரு முடிச்சு மாதிரி முதுகில் துருத்திக்கொண்டு நிற்கும். நூலை நீளமாக விட்டுக் கையால் முடிச்சுப் போடுங்கள். அப்புறம் ஒரு டவலைச் சுருட்டி அடியில் வைத்து, டாட்டை நடு முதுகைப் பார்த்துச் சாய்த்து அயர்ன் பண்ணுங்கள். இதை மட்டும் விடவே கூடாது. அயர்ன் பண்ணாத டாட் எவ்வளவு நன்றாகத் தைத்திருந்தாலும் வீட்டுத் தையல் என்று காட்டிக்கொடுத்துவிடும். துணியை வெட்ட வேண்டாம். நாளைக்கு இடுப்பு கூடினால் பிரித்துக்கொள்ளலாம்.

கேள்வி: இடுப்புக்கும் தொடைக்கும் சரியாக இருக்கிற ஜீன்ஸ், உட்காரும்போது மட்டும் பின்பக்கம் வாய் திறந்துகொள்கிறது. பெல்ட் போட்டு இறுக்கினால் பட்டி சுருங்கிக் கொசகொசவென்று இருக்கிறது.

பதில்: இரண்டு இஞ்சுக்குள் இடைவெளி என்றால் எலாஸ்டிக் போதும். இடுப்புப் பட்டி ஒன்றரை இஞ்ச் அகலம் என்றால் ஒரு இஞ்ச் எலாஸ்டிக் வாங்குங்கள். பட்டியின் உள்பக்கத் துணியில் மட்டும், இரண்டு சைடு தையலுக்கும் பக்கத்தில் ஒரு இஞ்ச் நீளத்துக்கு நெடுக்காக ஒரு கீறல் போடுங்கள். வெளித்துணியைக் கத்தி தொடக்கூடாது, அதனால் நடுவில் ஒரு அட்டையைச் செருகிக்கொள்ள முடிந்தால் நல்லது. எலாஸ்டிக்கின் ஒரு முனையில் ஊக்கு மாட்டி, ஒரு கீறலில் நுழைத்து மறு கீறலில் எடுங்கள். ஒரு முனையை அழுத்தமாகத் தைத்துவிட்டு, பேன்டைப் போட்டுக்கொண்டு மறு முனையை இழுத்துப் பாருங்கள். நின்று மட்டும் பார்க்காதீர்கள், நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். குறை உட்காரும்போதுதானே வருகிறது! சரியான இடத்தில் ஊக்கு குத்திவிட்டுப் பிறகு தையுங்கள். கீறலின் ஓரம் பிரியாமல் கையால் நெருக்கமாக நாலு தையல் போட்டு மூடிவிடலாம்.

இடைவெளி அதற்கும் மேல் என்றால் பின்பக்க நடுத் தையலைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். அங்கேயும் அளவு மீறினால் பின் பாக்கெட் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கிவிடும். ஜீன்ஸின் அந்தத் தடித்த தையலை வீட்டு மெஷினில் போடுவதும் சிரமம். அதை மட்டும் டெய்லரிடம் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: மேடம், ஜீன்ஸ் எனக்கு எப்போதும் 2 இஞ்ச் நீளம். வெட்டித் தைத்தால் கீழே இருக்கும் அந்தத் தேய்ந்த, கம்பெனி ஓரம் போய்விடுகிறது. ஓரத்தை அப்படியே வைத்துக் குறைக்க முடியுமா?

பதில்: முடியும் சார், ஒரு மாலையில் முடிகிற வேலை. கால் நுனியை வெளிப்பக்கமாக மேலே மடியுங்கள். குறைக்க வேண்டியது 2 இஞ்ச் என்றால், கம்பெனித் தையல் கோட்டிலிருந்து மடிப்பு வரை ஒரு இஞ்ச் இருக்க வேண்டும். துணி இரட்டையாக மடிவதால் பாதி அளவுதான் கணக்கு. கம்பெனி ஓரத்தின் பட்டை இந்த ஒரு இஞ்சில் சேராது. அந்தத் தையல் கோட்டை ஒட்டி, அதன் மேலேயே ஏறிவிடாமல், கால் முழுக்கச் சுற்றித் தையுங்கள். பழைய ஓரத்தைக் கீழே திருப்பிவிட்டு, மடிப்பை உள்ளே தள்ளி அழுத்தி அயர்ன் பண்ணினால் சேர்த்துத் தைத்த இடம் கிட்டத்தில் போய்த் தேடினால்தான் தெரியும். 16 நம்பர் ஊசி போடுங்கள். நாலு மடிப்பு சேரும் சைடு தையலில் மட்டும் சக்கரத்தைக் கையால் சுற்றிக் கடத்துங்கள், ஊசி உடையாது.

அளவு எடுக்கும்போது, அந்தப் பேன்டோடு போடும் செருப்பையோ ஷூவையோ போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். குனிந்து நீங்களே பார்க்காதீர்கள், குனிந்தால் பேன்ட் மேலே ஏறிவிடும். இரண்டு காலையும் தனித்தனியாக அளக்க வேண்டும். புதிய காட்டன் துணி என்றால், குறைப்பதற்கு முன் ஒரு முறை துவைத்துக் காயவையுங்கள். முதல் துவைப்பில் சுருங்கினால், நீங்கள் கவனமாகக் குறைத்த பேன்ட் கணுக்காலுக்கு மேலே நிற்கும்.

கேள்வி: மகளின் கவுனை மடிப்புப் பிரித்து நீளமாக்கினேன். பழைய மடிப்புக் கோடு போகவே மாட்டேன் என்கிறது.

பதில்: வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, ஒரு வெள்ளைத் துணியை அதில் நனைத்துப் பிழிந்து கோட்டின் மேல் போட்டு அயர்ன் பண்ணுங்கள். சாயம் போகிறதா என்று உள் ஓரத்தில் முதலில் பார்த்துவிடுங்கள். மடிப்பு என்றால் இதில் போய்விடும். கோடு வெளுத்துப்போயிருந்தால் எதற்கும் போகாது. அதன் மேல் லேஸோ ரிப்பனோ வைத்துத் தைத்து, அதற்குமேல் ஓர் அங்குலம் விட்டு இன்னொரு வரிசையும் தைத்துவிடுங்கள். ஒரு வரிசை மட்டும் இருந்தால் மறைக்க வைத்த மாதிரித் தெரியும், இரண்டு இருந்தால் கவுனோடு வந்த மாதிரி இருக்கும்.

கேள்வி: கையைத் தூக்கினால் டாப்ஸ் முழுவதும் கூடவே மேலே ஏறுகிறது. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக்கூடக் கூச்சமாக இருக்கிறது. அக்குளில் இறுக்கமாக இருப்பதால்தான் என்று நினைத்து ஆர்ம்ஹோலை, அதாவது கை பொருத்தும் வளைவை, இன்னும் ஆழமாக வெட்டினேன். இப்போது முன்பைவிட மோசம். என்ன தப்பு செய்தேன்?

பதில்: நிறைய பேர் செய்வதைத்தான் செய்திருக்கிறீர்கள், தையல் தெரிந்தவர்களும் இதில் வழுக்குவார்கள். ஆழமாக வெட்டினால் கைக்குச் சுதந்திரம் கிடைக்கும் என்றுதான் தோன்றும். நடப்பது நேர்மாறு.

ஒரு சின்னப் பரிசோதனை செய்து பாருங்கள். முழங்கை வரை கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, அப்படியே கையைத் தூக்கப் பாருங்கள். உடம்பும் சேர்ந்துதானே அசைகிறது? கையும் டாப்ஸின் உடலும் எவ்வளவு கீழே போய்ச் சேர்கின்றனவோ, அவ்வளவுக்குக் கை தூக்கும்போது உடல் துணியையும் இழுக்கும். ஆர்ம்ஹோல் அக்குளுக்கு ஒட்டி உயரத்தில் இருந்தால் கை தன் போக்கில் சுழலும். ஆடுபவர்களின் உடைகளைக் கவனித்தால் ஆர்ம்ஹோல் சின்னதாக, ஒட்டி இருக்கும். இல்லாவிட்டால் அக்குளில் தனித் துண்டு வைத்திருப்பார்கள்.

வெட்டியதை ஒட்டவைக்க முடியாது. ஆனால் துண்டு வைக்கலாம். அக்குளில் நாலு தையல் கூடும் இடத்தைப் பாருங்கள். அங்கிருந்து சைடு தையலில் 3 இஞ்ச் கீழே, கையின் அடித் தையலில் 3 இஞ்ச் நுனி நோக்கிப் பிரியுங்கள். கை பொருத்திய சுற்றுத் தையலை அப்படியே விட்டுவிடுங்கள். முனைகளை மட்டும் ரிவர்ஸ் அடித்து உறுதிப்படுத்துங்கள். இப்போது 6 இஞ்சுக்கு ஒரு நீண்ட பிளவு திறந்திருக்கும். அதில் இலை வடிவத் துண்டு வைக்க வேண்டும். தைத்து முடிந்தபின் நீளம் 6 இஞ்ச், நடுவில் அகலம் 2 இஞ்ச். வெட்டும்போது சுற்றிலும் அரை இஞ்ச் சேர்த்துக்கொள்ளுங்கள். துணியைக் கிராஸில், அதாவது இழைகளுக்குச் சாய்வாக, வெட்டினால் இழுவை கொடுக்கும், அக்குளுக்கு அதுதான் இதமாக இருக்கும்.

அதே துணிக்கு எங்கே போவது என்பீர்கள். கீழ் மடிப்பு அகலமாக இருந்தால் அதில் கொஞ்சம் எடுக்கலாம், உள் பாக்கெட் இருந்தால் அதைப் பிரிக்கலாம். எதுவும் இல்லாவிட்டால் நிறம் நெருங்கிய மெல்லிய காட்டனை வையுங்கள். அந்த இடம் யார் கண்ணிலும் படாது.

முதலில் கையால் பெரிய பெரிய ஓட்டுத் தையலாகப் போட்டு, டாப்ஸை அணிந்து, மேல் அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுக்கிற மாதிரிக் கையைத் தூக்கிப் பாருங்கள். திருப்தியானால் மெஷினில் தைத்து, ஓட்டுத் தையலை உருவிவிடலாம். கை மேல்புறத்தில் இறுக்குகிறது என்று எழுதியிருந்த இன்னும் மூன்று வாசகிகளுக்கும் இதே துண்டு உதவும், கைச் சுற்றளவையும் இது கூட்டிவிடும்.

கேள்வி: டி ஷர்ட்டைப் பக்கவாட்டில் பிடித்துத் தைத்தேன். முதல் முறை தலை வழியாகக் கழற்றும்போதே படபடவென்று நூல் அறுந்துவிட்டது.

பதில்: பின்னல் துணி இழுபடும், நேர்த்தையல் இழுபடாது, அதனால்தான் அறுந்தது. மெஷினில் ஜிக்ஜாக் இருந்தால் அகலத்தை ஒரு மில்லிமீட்டருக்கு வைத்துத் தையுங்கள். வெளியே நேர்த்தையல் போலவே இருக்கும், ஆனால் துணியோடு சேர்ந்து விரியும். ஊசி முனை மழுங்கிய பால் பாயின்ட் ஆக இருக்க வேண்டும். சாதா ஊசியின் கூர் முனை பின்னலின் இழையை அறுத்துச் சின்னச் சின்ன ஓட்டை போடும். தைக்கும்போது துணியை இழுக்காதீர்கள், இழுத்தால் ஓரம் அலை அலையாக நிற்கும். மெஷின் இல்லாதவர்கள் கையால் பின்தையல் போடலாம்: முன்னே ஒரு எட்டு எடுத்து, பாதி பின்னே வந்து குத்தி, மறுபடி முன்னே போவது. நூலைக் கொஞ்சம் தளர்வாக விடுங்கள்.

கேள்வி: மெல்லிய துணியில் தைத்த நீளப் பாவாடை காற்றில் நிற்கவே மாட்டேன் என்கிறது. கீழ் ஓரமும் ஒரு பக்கம் தாழ்ந்து, ஒரு பக்கம் ஏறி இருக்கிறது.

பதில்: வட்டப் பாவாடை என்று நினைக்கிறேன். அதில் சில பகுதிகள் கிராஸில் விழும், அந்தப் பகுதிகள் சொந்தப் பாரத்திலேயே இறங்கும். ஓரத்தைப் பிரித்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக் கொடியில் ஒரு நாள் முழுக்கத் தொங்கவிடுங்கள். அப்புறம் போட்டுக்கொண்டு நின்று, தரையிலிருந்து ஸ்கேல் வைத்துச் சுற்றிலும் ஒரே உயரத்தில் யாரையாவது குறிக்கச் சொல்லுங்கள். இடுப்பிலிருந்து அளந்தால் சரியாக வராது.

பறப்பதற்கு, மடிப்புக்குள் பாரம் வைக்கலாம். சனேல் என்ற பிரெஞ்சு ஃபேஷன் கம்பெனியின் ஜாக்கெட்டுகளின் உள் விளிம்பில் மெல்லிய உலோகச் சங்கிலி ஒன்றைத் தைத்திருப்பார்கள், துணி நேராகத் தொங்குவதற்காகத்தான். நீங்கள் சைடு தையல் முடியும் இரண்டு இடத்திலும் துருப்பிடிக்காத சின்ன வாஷர் ஒன்றைத் துணியில் பொதிந்து உள்ளே தைத்தாலே வித்தியாசம் தெரியும்.

கேள்வி: எனக்கு ஒரு தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். அகலக் கழுத்து வைத்த எதுவும் வலப்பக்கமாகவே சரிகிறது. நாள் முழுக்க இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே இருக்கிறேன். அந்தப் பக்கத் தோள் தையலைப் பிடித்தால் சரியாகுமா?

பதில்: பிடிக்கலாம். ஆனால் அதற்கு முன், தோளை உயர்த்திக் காட்ட உள்ளே வைக்கும் பேட் ஒன்றை வைத்துப் பாருங்கள் என்பேன். தையலைப் பிடித்தால் அந்தப் பக்க ஆர்ம்ஹோலும் சின்னதாகிவிடும், கையையும் பிரிக்க வேண்டிவரும்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில், உங்களைப் போலவே தோள் இறங்கிய ஒரு பெண்ணுக்கு, டாப்ஸை உள்பக்கம் திருப்பிப் போடச் சொல்லி ஊக்கு குத்தினேன். குத்தத் தைக்க எல்லாம் சுலபமாக இருந்தது. நேர்ப்பக்கம் திருப்பியதும் வலது இடதாகிவிட்டது. நல்ல தோள் பக்கம் இழுத்துப் பிடிக்க, இறங்கிய தோள் இன்னும் இறங்கித் தெரிந்தது. அந்தப் பெண் கண்ணாடியைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அன்றிலிருந்து யாருக்கும் நேர்ப்பக்கமாகப் போட்டுத்தான் ஊக்கு குத்துகிறேன். குறியைப் பிறகு உள்ளே மாற்றிக்கொள்வேன். இரண்டு பக்கமும் அச்சாக ஒரே அளவில் இருக்கும் உடம்பை நான் இதுவரை அளந்ததே இல்லை.

பேட் செய்வது சுலபம். பழைய கம்பளித் துணியிலோ ஃபெல்ட்டிலோ 4 இஞ்ச் நீளத்துக்கு ஓர் அரைவட்டம், அதைவிட அரை இஞ்ச் சின்னதாக இன்னொன்று, இன்னும் சின்னதாக மூன்றாவது. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி நடுவில் நாலு தையல். வளைந்த ஓரம் படிப்படியாக மெலிந்து கழுத்தைப் பார்த்து இருக்க வேண்டும், நேர் ஓரம் தோள் முனைக்கு. ஒரே தடிமனில் வைத்தால் ஓரம் வெளியே கோடாகத் தெரியும். மெல்லிய லைனிங் துணியில் உறை போட்டுத் தைத்துவிடுங்கள். வலது தோளுக்கு மட்டும் வைத்துக் கண்ணாடியில் பாருங்கள், கழுத்திலிருந்து அக்குளுக்கு ஓடிய சாய்வுச் சுருக்கம் மறைந்தால் உயரம் சரி. மறையவில்லை என்றால் இன்னோர் அடுக்கு.

கழுத்து மிக அகலம் என்றால் கூடவே இதையும் செய்யுங்கள். இரண்டு இஞ்ச் நாடாவின் ஒரு முனையைத் தோள் தையலின் உள்பக்கம் தைத்து, மறு முனையில் பிரஸ் பட்டன் வையுங்கள். உள்ளாடைப் பட்டியை அதற்குள் விட்டுப் பட்டனை அழுத்திவிட்டால் கழுத்து நகராது.

பேடை டாப்ஸோடு சேர்த்துத் தைத்துவிடாதீர்கள். அதற்கும் இரண்டு பிரஸ் பட்டன் வைத்துக்கொண்டால், துவைக்கும்போது கழற்றிவிட்டு, மறுநாள் வேறு டாப்ஸில் அதையே மாட்டிக்கொள்ளலாம்.